பெடலை மிதித்ததும் பேஸ் எங்கே போகிறது?

கிற்றார்காரரிடம் ஒரு ஓவர்டிரைவ் பெடலை, அதாவது காலால் மிதித்துச் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற பெட்டியை, இரவல் வாங்கி உங்கள் பேஸ் கிற்றாரைச் சொருகி மிதித்துப் பாருங்கள். கரகரப்பு வரும், சத்தத்துக்கு ஒரு முரட்டுத்தனமும் வரும், ஆனால் நெஞ்சில் வந்து இடிக்கிற அடிச்சத்தத்தைக் காணக் கிடைக்காது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது, நல்லாத்தானே இருக்கு என்றுகூடத் தோன்றும், ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த பிறகுதான் மேடையில் பேஸ் வாசிக்க ஒரு ஆள் நிற்கிறாரா இல்லையா என்று ஐமிச்சம் வரும். வன்னியில் திருவிழா மேடைகளிலும் தேவாலயங்களிலும் பேஸ் வாசிக்கிற பெடியள் பலர் இதோடு பெடலைக் கைகழுவிவிட்டு, "பேஸுக்கு எஃபெக்ட் சரிவராது" என்று சொல்லித் திரிவார்கள். சரிவரும். பெரும்பாலும் உள்ளே இருக்கிற ஒரு கப்பாசிட்டரின் அளவுதான் சரிவரவில்லை. அது என்ன செய்கிறது என்று விளங்கிவிட்டால் பெடலை மாற்றுவது, புதிதாகச் செய்வது, பழுதைப் பிடிப்பது எல்லாமே பாதி விளங்கிவிடும், அதனால் அதிலேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

சாதாரண கிற்றாரின் ஆகத் தடித்த ஈ தந்தி 82 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 82 தரம், அதிர்கிறது. நாலு தந்தி பேஸின் ஈ அதில் சரிபாதி, 41 ஹேர்ட்ஸ். அடுத்தது ஏ, 55. பிறகு டி 73, ஜி 98. ஐந்து தந்தி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கீழ் பி தந்தி 31 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். கிற்றாருக்கென்று பெடல் செய்கிறவர் 82க்குக் கீழே என்ன நடக்கிறது என்று யோசிக்கவே தேவையில்லை, பல பெடல்களில் அதற்கு மேலேயும் நிறைய வெட்டி எறிந்திருப்பார்கள். உங்கள் மூன்று தந்திகள் 82க்குக் கீழே கிடக்கின்றன.

வெட்டுகிற வேலையைச் செய்வது கப்பாசிட்டர். பழைய றேடியோ திருத்துகிறவர்களிடம் கண்டென்சர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெடலுக்குள் சத்தத்தைப் பெருக்குகிற டிரான்சிஸ்டரோ ஐசியோ வேலை செய்ய ஒரு நிலையான மின்னழுத்தத்தில் நிற்கவேண்டும், 9 வோல்ற் பெடலில் இது வழக்கமாக 4.5 வோல்ற் மட்டில் இருக்கும். அந்த 4.5 வோல்ற் உங்கள் கிற்றாருக்குள் போகக்கூடாது, கிற்றாரின் சத்தம் மட்டும் உள்ளே வரவேண்டும். கப்பாசிட்டர் நிலையாக நிற்கிற மின்னை மறிக்கும், ஆடுகிற மின்னை விடும், அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஒன்றை வைத்திருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், மெதுவாக ஆடுகிறதும் அதற்குக் கிட்டத்தட்ட நிற்கிற மாதிரித்தான். பேஸின் கீழ்ச்சுரங்கள் மெதுவாக ஆடுகிறவை. குளத்து வான்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள், கட்டின் உயரத்துக்கு மேலே நிற்கிற தண்ணீர்தான் பாயும், கீழே நிற்பது அங்கேயே கிடக்கும். கப்பாசிட்டர் சிறிதாகச் சிறிதாகக் கட்டு உயரும். தண்ணீர் ஒரேயடியாக நிற்கும், சத்தம் அப்படியில்லை, படிப்படியாகத்தான் தேயும், அது மட்டும் வித்தியாசம்.

அந்தக் கட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சூத்திரம் ஞாபகம் இருக்கும், படிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: கப்பாசிட்டரை மைக்ரோபரட்டிலும், அதற்கு அடுத்து நிலத்துக்கு, அதாவது சுற்றின் கழித்தல் பக்கத்துக்கு, போகிற தடையை (ரெசிஸ்டரை) கிலோ ஓமிலும் எடுத்துப் பெருக்குங்கள், 159ஐ அந்த விடையால் வகுங்கள், வருவது ஹேர்ட்ஸ். 0.01 மைக்ரோபரட்டும் 100 கிலோ ஓமும் என்றால் பெருக்கம் 1, ஆகவே 159 ஹேர்ட்ஸ். அந்த இடத்தில் மின்னழுத்தம் ஏறத்தாழ 70 வீதமாகக் குறைந்திருக்கும், உங்கள் 41 ஹேர்ட்ஸ் ஈ தந்திக்கு வரும்போது கால்வாசிதான் மிஞ்சும். அதே இடத்தில் 0.1 மைக்ரோபரட் போட்டால் கட்டு 16 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஈ தந்தி கிட்டத்தட்ட முழுசாக உள்ளே வரும். இரண்டு கப்பாசிட்டருக்கும் விலை வித்தியாசம் ஒரு ரொபியும் வாங்கக் காணாது.

கப்பாசிட்டரின் உடம்பில் எழுதியிருப்பதை வாசிக்கவும் பழகவேண்டும். 103 என்றால் 0.01 மைக்ரோபரட், 104 என்றால் 0.1, 473 என்றால் 0.047, 224 என்றால் 0.22. முதல் இரண்டு இலக்கமும் எண், மூன்றாவது எத்தனை சைபர், அலகு பிகோபரட். அவ்வளவுதான்.

இப்போது உண்மையான ஒரு பெடலைத் திறந்து பார்ப்போம். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் 1970களின் கடைசியில் வந்த பச்சைப் பெட்டி, உலகத்தில் ஆக அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்ட ஓவர்டிரைவ்களில் ஒன்று, உங்கள் நண்பரிடம் இருக்கிற மலிவான சீனப் பெடலும் அநேகமாக அதன் பிள்ளையாகத்தான் இருக்கும். அதில் சத்தத்தைப் பெருக்கிக் கரகரக்க வைக்கிற இடத்தில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும், மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடு போட்டது, அதோடு தொடர்ச்சியாக ஒரு 473 கப்பாசிட்டரும் நிலத்துக்குப் போகின்றன. கணக்குப் பாருங்கள்: 4.7ஐ 0.047ஆல் பெருக்கி 159ஐ வகுத்தால் 720 ஹேர்ட்ஸ். இந்த இடத்தில் கட்டுக்குக் கீழே இருக்கிற சத்தம் செத்துப்போவதில்லை, பெருக்கம் குறைகிறது. கரகரப்பைக் கூட்டுகிற டிரைவ் குமிழை முழுசாகத் திருப்பினால் மேல்சத்தங்களுக்கு நூறு மடங்குக்கு மேல் பெருக்கம் கிடைக்கும், உங்கள் ஈ தந்தியின் அடிச்சுரத்துக்கு 7 மடங்குகூடக் கிடைக்காது. பேஸ் காணாமல் போகிற மாயம் இவ்வளவுதான்.

இதை மாற்ற அந்த 473ஐக் கழற்றவேண்டும் என்றில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் கழற்றப்போய்ச் செம்புத் தடத்தை உரித்துவிடுவார்கள். சமாந்தரமாகப் போட்ட கப்பாசிட்டர்கள் கூட்டல் கணக்கு, ஆகவே பலகையின் பின்பக்கத்தில், 473 நிற்கிற அதே இரண்டு ஈயப் புள்ளிகளில், ஒரு 224ஐ மேலால் பற்றவைத்துவிடுங்கள். 0.047உம் 0.22உம் சேர்ந்து 0.267, கட்டு 127 ஹேர்ட்ஸுக்கு இறங்கும், ஈ தந்திக்கு 36 மடங்கு பெருக்கம் வரும். பிடிக்கவில்லையா, பற்றவைக்கிற அயனை வைத்துத் தூக்கிவிடலாம், பெடல் பழையபடி. ஆனால் திறந்ததும் பலகை முழுக்க அரிசிக்குறுணிக்கும் சின்னதாக, கால் இல்லாத துணுக்குகள் ஒட்டியிருந்தால் முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள், கை பழகின பிறகு பார்க்கலாம்.

அப்படியென்றால் இன்னும் பெரிய கப்பாசிட்டரைப் போட்டு முழு பேஸையும் உள்ளே விடலாமே என்று கேட்பீர்கள். விட்டுப் பாருங்கள், தெரியும். கீழ்ச்சத்தத்துக்குத்தான் சக்தி கூட, அது முதலில் போய், அலையின் உச்சியை வெட்டிக் கரகரக்க வைக்கிற டயோட்டில் முட்டி வெட்டுப்படும், அதோடு சேர்ந்து மேல்சத்தமும் நசுங்கி, ஒவ்வொரு சுரமும் தொப் தொப் என்று சேற்றில் கால் புதைகிற சத்தமாக வரும். கிற்றார் பெடல் செய்தவர்கள் கீழ்ச்சத்தத்தை வெட்டினது விவரமாகத்தான். அதனால் என் அபிப்பிராயம், கப்பாசிட்டரை ஓரளவுக்கு மேல் கூட்டவேண்டாம், அதற்குப் பிறகு தேவைப்படுவது பிளெண்ட்.

பிளெண்ட் என்றால் பேஸின் சத்தத்தை உள்ளே வந்ததும் இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதி எஃபெக்டுக்குள் போய்க் கரகரத்து வரட்டும், மற்றப் பாதி ஒன்றும் தொடாமல் சுத்தமாக வரட்டும், கடைசியில் ஒரு குமிழில் இரண்டையும் எவ்வளவு எவ்வளவு என்று கலந்துகொள்கிறோம். அடிச்சத்தம் சுத்தப் பாதையால் வந்து நிலத்தைப் பிடிக்கும், முரட்டுத்தனம் மற்றதால் வரும். பேஸுக்கென்றே விற்கிற பெடல்களைப் பாருங்கள், பொஸ் ஓடிபி-3இல் பலன்ஸ் என்று ஒரு குமிழ், வேறு சிலவற்றில் டிரை அல்லது பிளெண்ட் என்று எழுதியிருக்கும், எல்லாம் இதே வேலைதான். பேஸ் பெடலுக்குக் கூடக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி இந்தக் குமிழுக்குத்தான் போகிறது என்று நான் நினைக்கிறேன், அது பிழையான காசும் இல்லை.

பிளெண்டை நீங்களே கட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. சில பெடல்கள் அலையைத் தலைகீழாக்கித்தான் வெளியே விடும். தனியாகக் கேட்டால் காதுக்கு ஒன்றும் தெரியாது, சுத்தமான சத்தத்தோடு கலந்ததும் ஒன்று மேலே போக மற்றது கீழே போய் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், முதலில் சாவது அடிச்சத்தம். குமிழை நடுவில் வைக்கும்போது சத்தம் மெலிந்து, இரண்டு ஓரத்திலும் நன்றாக இருந்தால் இதுதான் விஷயம். ஒரு பாதையில் இன்னொரு தலைகீழாக்கும் படியைச் சேர்த்தால் சரி.

டயோட் பற்றிச் சுருக்கமாக. சாதாரண 1என்4148 டயோட் 0.6 வோல்ற் மட்டில் வெட்டத் தொடங்கும். அதற்குப் பதிலாகச் சிவப்பு எல்இடி இரண்டைப் போட்டால் 1.7 வோல்ற் வரை விடும், சத்தம் கூடும், நசுக்கல் குறையும், பேஸுக்கு எனக்குப் பிடித்தது அதுதான். பிக் மஃப் மாதிரி ஃபஸ் பெடல்களின் கதை வேறு. 1969இல் நியூயோர்க்கில் எலெக்ட்ரோ-ஹார்மனிக்ஸ் கொண்டுவந்த அந்தப் பெடல் அடிச்சத்தத்தை அவ்வளவாக வெட்டாது, நடுச்சத்தத்தைத்தான் குழிக்கும், அதனால் மாற்றம் செய்யாமலே பேஸ்காரர்கள் பாவிக்கிறார்கள்.

புதிதாக ஒன்று செய்ய ஆசை வந்தால் சத்தத்தைக் கூட்டுகிற ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்டரில் தொடங்குங்கள். ஒரு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், இரண்டு கப்பாசிட்டர், ஒரு வொலியூம் குமிழ், அவ்வளவும் உள்ளங்கைக்குள் அடங்கும். இதிலும் உள்ளே வருகிற கப்பாசிட்டரைப் பாருங்கள்: கிற்றார் வரைபடங்களில் 0.1 இருக்கும், இந்த மாதிரிச் சுற்றின் உள்ளீட்டுத் தடை 40 கிலோ ஓம் மட்டில் இருந்தால் கட்டு சரியாக உங்கள் ஈ தந்தியிலேயே வந்து நிற்கும், ஆகவே 0.47 போடுங்கள். சாமான்களுக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர்கள் யாரிடமாவது பட்டியல் கொடுத்துவிடலாம், அல்லது இணையத்தில் எடுப்பிக்கலாம். ஆனால் அதற்கு முன்பு பக்கத்துச் சந்தியில் றேடியோ, ரிவி திருத்துகிறவரைப் போய்ப் பாருங்கள். 1990களில் பொருளாதாரத் தடையில் பற்றரி வன்னிக்குள் வராத காலம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் இது, அந்தக் காலத்தில் கைப்பழக்கம் எடுத்த ஆட்களுக்கு உங்கள் பெடல் ஒரு விளையாட்டுச் சாமான். கடை மூலையில் கிடக்கிற செத்த பலகைகளில் பிளாஸ்ரிக் கப்பாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும் எடுக்கலாம். உருளை வடிவ எலக்ட்ரோலிற்றிக்கை மட்டும் பழையதில் எடுக்காதீர்கள், எங்கள் வெக்கைக்கு அது உள்ளுக்குள் காய்ந்திருக்கும். பழைய ரிவியை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம், வயரைக் கழற்றின பிறகும் உள்ளே மின் தங்கியிருக்கும், அதை அண்ணையிடமே விடுங்கள்.

பெட்டி உலோகத்தில் இருக்கவேண்டும். பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் வைத்தால் பக்கத்தில் இருக்கிற ரியூப் லைற் முழுக்கப் பெடலுக்குள் வந்து பாடும். கனமான பிஸ்கட் ரின் போதும், ஆனால் நிலக்கம்பி ரின்னைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

அடுத்தது திருத்தம். செத்த பெடல் ஒன்று கைக்கு வந்தால் பலகையைப் பார்க்க முதல் கேளுங்கள், கடைசியாக எந்த அடப்டரைக் குத்தினார்கள் என்று. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ற், நடுவில் கழித்தல், வெளியே கூட்டல். வீட்டில் கிடக்கிற ரவுட்டர் அடப்டர் பெரும்பாலும் 12 வோல்ற், நடுவில் கூட்டல், குத்துகிற முனையோ ஒரே அளவு. மாறிக் குத்தினால் பெடலைக் காப்பாற்றப் பல பெடல்களில் வாசலில் 1என்4001 என்று ஒரு கறுப்பு டயோட் நிற்கும், அது தான் ஷோர்ட் ஆகிச் செத்துப்போகும். அடையாளம் என்னவென்றால் பெடலின் விளக்கு எரியாது, அடப்டர் சூடாகும். மல்டிமீற்றரில் டயோட் நிலையில் இரண்டு பக்கமும் மாற்றி வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் சைபர் காட்டினால் ஆள் போய்விட்டார். வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டால் பல பெடல்கள் உயிர் பெற்று எழும்பும். வெள்ளிக்கோடு கூட்டல் பக்கம் பார்க்கவேண்டும்.

மின் சரியாக வருகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் இந்தக் கருவியைச் செய்துகொள்ளுங்கள். பழைய கிற்றார் வயர் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, சுற்றியிருக்கிற கம்பிவலையில் ஒரு முதலைக் கிளிப்பும், நடுக்கம்பியில் ஒரு 104 கப்பாசிட்டரும் பற்றவையுங்கள், கப்பாசிட்டரின் மற்றக் காலை நீட்டி விடுங்கள், அதுதான் ஊசி. மற்ற முனையை அம்பிளிபயரில் குத்தி, வொலியூமைக் குறைவாக வையுங்கள். கிளிப்பைப் பெடலின் நிலத்தில் கவ்வவிட்டு, போனில் ஏதாவது ஒரு சீரான சத்தத்தைப் பெடலின் உள்வாசலுக்குக் கொடுத்துவிட்டு, ஊசியால் உள்வாசலிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போங்கள். ஜாக்கில் கேட்கும், கப்பாசிட்டரைத் தாண்டிக் கேட்கும், டிரான்சிஸ்டரில் உரத்துக் கேட்கும், அடுத்த புள்ளியில் அமைதி. அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில்தான் பழுது, பெரும்பாலும் வெடித்த ஈயம். பெடலுக்கு வரைபடம்கூடத் தேவையில்லை. இதில் ஒரு நன்மையும் கூட இருக்கிறது, பேஸை எந்தக் கப்பாசிட்டர் தின்கிறது என்பதையும் இதே ஊசியால் காதாலேயே பிடிக்கலாம். ஆனால் போன் ஸ்பீக்கரிலோ சின்னப் பெட்டியிலோ வைத்துத் தீர்மானிக்காதீர்கள், 41 ஹேர்ட்ஸ் வராவிட்டாலும் அதன் மேல்சுரங்களைக் கேட்டு மூளை ஈ தந்தி என்றே சொல்லும்.

மற்றப் பழுதுகள் ஊருக்கு ஊர். உட்பக்கக் கிராமங்களில் கிரவல் றோட்டுப் புழுதி குமிழ்களுக்குள் போய்த் திருப்பும்போது கரகர என்னும், கொன்ராக்ற் கிளீனர் அடித்து இருபது தரம் அங்கும் இங்கும் திருப்பினால் போய்விடும். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் உப்புக்காற்று ஜாக்கைப் பச்சை பிடிக்க வைக்கும். காலால் மிதிக்கிற சுவிச்சும் தேய்கிற சாமான், பல பெடல்களில் அதற்குப் பற்றவைக்கிற ஒன்பது கம்பிக்கால் இருக்கும், மாற்றும்போது அயனை நீண்ட நேரம் வைத்தால் உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் உருகிப் புதுச் சுவிச்சே செத்துவிடும். பற்றரி சீக்கிரம் முடிகிறது என்று முறைப்பாடு வந்தால் வாசித்து முடித்ததும் வயரை உள்வாசலிலிருந்து கழற்றினாரா என்று கேளுங்கள், வயர் சொருகியிருக்கும் வரை பெடல் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியாக இரைச்சல், இது பேஸ்காரருக்குத்தான் பெரிய தலையிடி. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பேஸின் ஈ தந்தியில் மூன்றாவது கட்டை (ஃபிரெட்டை) அழுத்தினால் வருகிற ஜி சுரம் 49. மலிவான அடப்டரிலிருந்து கசிகிற இரைச்சல் 100, திறந்த ஜி தந்தி 98. அதாவது கிற்றார்காரருக்கு வெறும் உறுமலாகக் கேட்பது உங்களுக்கு உங்கள் சுரத்தோடு சண்டை பிடிக்கிற ஒரு சுருதி பிசகின சுரம். வெட்டி எறியவும் முடியாது, வெட்டினால் உங்கள் பேஸும் போகும். திருவிழாவில் ஜெனரேற்றரில் மேடை ஓடும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கி இது இன்னும் மோசமாகும்.

இதற்கு நான் சிபாரிசு செய்வது 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் பற்றரியும் மின்னழுத்தத்தை 9 வோல்ற்றில் நிறுத்தி வைக்கிற 7809 என்கிற மூன்று கால் ரெகுலேற்றரும். எழுத்து உங்களைப் பார்க்க வைத்தால் இடப்பக்கக் கால் உள்ளே, நடுக்கால் நிலம், வலப்பக்கம் 9 வோல்ற் வெளியே. உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோபரட் கப்பாசிட்டரை நிலத்துக்குப் போட்டுவிடுங்கள். சாதாரண ஓவர்டிரைவ் சில மில்லிஅம்பியர்தான் குடிக்கும், ஆகவே இரவுத் திருவிழா முழுக்க ஓடினாலும் பற்றரிக்கு அது ஒரு பொருட்டில்லை, மின்கம்பியோடு தொடர்பே இல்லாததால் பெடல் பக்கத்து உறுமலும் இல்லை. பற்றரி 11 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் 7809 ஒழுங்காக வேலை செய்யாது, சத்தம் தடுமாறத் தொடங்கும். இன்னொன்று, மோட்டார் சைக்கிள் பற்றரி ஷோர்ட் ஆனால் வயரைச் சிவக்கக் காய்ச்சிவிடும், கூட்டல் முனைக்குப் பக்கத்திலேயே 1 அம்பியர் பியூஸ் ஒன்றைப் போடாமல் பெடலைக் கொழுவாதீர்கள்.